கணக்கில் வராத ஆட்டங்கள்

பதினாறு வயதுப் பையன் ஒருவன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்காரன், ஐஸ் ஹாக்கி ஆடுபவன். சீசன் தொடங்கும் முன்னால் நடக்கிற ப்ராக்டிஸ் மேட்ச்களில், ஓஎச்எல் என்கிற ஜூனியர் லீகைச் சேர்ந்த ஓர் அணிக்காகக் களமிறங்கினான். மொத்தமே இரண்டு மேட்ச். பாயின்ட் கிடையாது, கோப்பை கிடையாது, மறுநாள் பேப்பரில் ஒரு வரி வந்திருந்தாலே அதிகம். ஆனால் அந்த இரண்டு மேட்ச் ஆடிய ஒரே காரணத்துக்காக, அமெரிக்காவின் முதல் பிரிவுப் பல்கலைக்கழக அணி எதிலும் அவனால் ஆட முடியாது என்று ஆகிப்போனது.

2024 ஆகஸ்டில் அவன் தரப்பு அமெரிக்காவின் பஃபலோ நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. பல்கலைக்கழகங்கள் எல்லாம் கூட்டுச் சேர்ந்துகொண்டு கனடிய ஜூனியர் ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைக்கின்றன, இது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது வழக்கு. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2024 நவம்பர் 7 அன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு ஓட்டெடுத்து அந்தப் பழைய தடையை நீக்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் புது விதி அமலுக்கு வந்தது.

பையனுக்கு நல்லதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதையில் யாருமே பேசாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கனடாவின் பல்கலைக்கழக ஹாக்கி! வழக்குப் போட்டது அது இல்லை, ஓட்டுப் போட்டதும் அது இல்லை, அதனிடம் ஒரு வார்த்தை கேட்டவரும் இல்லை. ஆனால் விதி மாறியதில் அதிகமாக ஆட்டம் கண்டிருப்பது அதன் அடித்தளம்தான்.

கொஞ்சம் பின்கதை சொன்னால்தான் விஷயம் புரியும்.

கனடாவில் ஹாக்கி நன்றாக ஆடுகிற பையன் பதினாறு வயதில் சிஎச்எல் என்ற ஜூனியர் அமைப்புக்குப் போவான். அதற்குக் கீழே மேற்கில் ஒன்று, ஒன்டாரியோவில் ஒன்று, கியூபெக்கும் கடலோர மாகாணங்களும் சேர்ந்து ஒன்று என மூன்று லீக். சுமார் அறுபது அணிகள். இருபது வயது வரை அங்கே ஆடலாம். அங்கிருந்து மிகச் சிலர் என்எச்எல்லுக்குப் போவார்கள். மற்றவர்கள்? இருபது, இருபத்தொரு வயதில் 'நன்றி, போய் வா' என்று அனுப்பி வைக்கப்படுவார்கள். அவர்கள் கையில் ஒன்று மட்டும் இருக்கும். ஜூனியரில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை லீக் தரப்பு ஏற்கும் என்ற ஒப்பந்தம். இதை 'ஸ்காலர்ஷிப்' என்று அழைப்பது வழக்கம். காமர்ஸ் படித்த கண்ணோடு பார்த்தால் இதற்குப் பெயர் தள்ளிப்போட்ட சம்பளம். அதுவும் காலாவதித் தேதி போட்ட சம்பளம்! குறிப்பிட்ட கெடுவுக்குள் கல்லூரியில் சேராவிட்டால் அதுவும் போச்சு.

இந்தப் பையன்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடியே இருந்தது. சிஎச்எல்லில் கொஞ்சம் கைச்செலவுப் பணம் தருகிறார்கள், என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் அங்கே ஆடுகிறார்கள், எனவே அது 'தொழில்முறை லீக்' என்பது என்சிஏஏ சொன்ன நியாயம். ஒரு சிஎச்எல் அணியின் பயிற்சி முகாமில் அவர்கள் செலவில் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் போனால் ஆபத்து என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்த காலம் அது. சிரிப்பாக இருக்கிறதா? பல வீடுகளில் பதினாறு வயதுப் பிள்ளையின் எதிர்காலமே அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தான் தொங்கிக்கொண்டு இருந்தது.

ஆகவே வழி அனுப்பப்பட்ட இருபத்தொரு வயதுக்காரர்கள் போய்ச் சேர்ந்த இடம் கனடாவின் சொந்தப் பல்கலைக்கழகங்கள். யூ ஸ்போர்ட்ஸ் என்பது அந்த அமைப்பின் இன்றைய பெயர் (2016க்கு முன்னால் சிஐஎஸ்). ஆண்கள் ஹாக்கியில் மேற்கு, ஒன்டாரியோ, அட்லாண்டிக் என்று மூன்று பிராந்தியம், முப்பத்தைந்து அணிகள் அளவில். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் முன்னாள் சிஎச்எல்காரர்கள். உண்மையில் இது ஒரு 'ரிஜெக்ட்' லீக் என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டியதில்லை. ரிஜெக்ட் ஆனவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே சுவாரசியம்.

ஜோயல் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஎச்எல்லில் ஆடினார், எந்த என்எச்எல் அணியும் டிராஃப்டில் அவரை எடுக்கவில்லை. 2001 முதல் 2005 வரை பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். அப்புறம் என்எச்எல்லில் எழுநூறு ஆட்டங்களுக்கு மேல்! டெரெக் ரயன் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடிவிட்டு, ஐரோப்பா முழுக்கச் சுற்றி, 2016இல் இருபத்தொன்பது வயதில் என்எச்எல்லில் அறிமுகமானார். கோல்கீப்பர் லோகன் தாம்சன் 2018-19இல் பிராக் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அவரையும் யாரும் டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. பிற்பாடு என்எச்எல் ஆல் ஸ்டார் ஆட்டம் வரை போனார். மூவருமே ஜூனியர் லீக் முடிந்து யாரும் கண்டுகொள்ளாத நேரத்தில் கனடியப் பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நின்றவர்கள். அந்த வாசலுக்கு அடுத்த வீட்டுக் கதவு பூட்டியிருந்ததும் அவர்கள் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

இப்போது அந்தப் பூட்டு கழன்றுவிட்டது.

சரி, இதற்கும் ப்ராக்டிஸ் மேட்ச்களுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஓர் உதாரணம். வெளிநாட்டு அணி டெஸ்ட் தொடருக்கு வருகிறது. முதல் டெஸ்ட்டுக்கு முன்னால் உள்ளூர் அணி ஒன்றோடு மூன்று நாள் ஆட்டம் வைப்பார்கள். வந்தவர்களுக்கு அது கை, கால் நீட்டிப் பார்க்க ஒரு சந்தர்ப்பம். உள்ளூர்ப் பையனுக்கோ அது வாழ்நாள் ஆட்டம். அவன் அன்றைக்கு அறுபது ரன் அடித்தால் பேரன் வரை சொல்லிக்கொண்டிருப்பான். அடி வாங்கியவர் மறுநாளே மறந்திருப்பார். கனடியப் பல்கலைக்கழக அணிகளும் அமெரிக்கக் கல்லூரி அணிகளும் மோதுகிற ஆட்டங்கள் இந்த ரகம்தான்.

இரண்டு நாட்டுக் காலண்டரும் லேசாக விலகி இருப்பதுதான் இதற்கு அடிப்படை. கனடியப் பல்கலைக்கழக அணிகள் செப்டம்பர் தொடக்கத்திலேயே பனித்தளத்தில் இறங்கிவிடும். அக்டோபர் பிறந்த சில நாட்களில் லீக் ஆட்டங்களே தொடங்கிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அக்டோபர் முதல் வாரத்துக்கு முன்னால் ஆட்டம் வைக்க அனுமதி கிடையாது. அதுவும் ஒரு சீசனுக்கு முப்பத்துநான்கு ஆட்டங்கள்தான் என்று உச்சவரம்பு. ஆகவே அந்த முப்பத்துநான்கில் கை வைக்காமல், தோற்றாலும் கெட்டுப்போகாத எதிரணி ஒன்று அமெரிக்க கோச்சுக்குத் தேவைப்படுகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட அமெரிக்கத் தேசியப் பயிற்சி அணி ஒன்று இருக்கிறது, அதனோடு ஆடுவார்கள். இல்லாவிட்டால் எல்லைக்கு வடக்கே போன் போடுவார்கள். ஒட்டாவாவிலிருந்து எல்லை தாண்டினால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு அமெரிக்கக் கல்லூரிப் பனித்தளங்கள் வந்துவிடும். புத்தாண்டு விடுமுறையிலும் இதே கதை. செமஸ்டர் இடைவெளியில் துருப்பிடித்த கால்களுக்கு எண்ணெய் விட ஒரு கனடிய அணி.

இந்த ஆட்டங்களின் முடிவு அமெரிக்கத் தரப்பில் எங்கேயும் ஏறாது. தேசியப் போட்டிக்கு பதினாறு அணிகளைத் தேர்ந்தெடுக்க அவர்கள் வைத்திருக்கும் கணக்கில் முதல் பிரிவு அணிகளோடு ஆடிய ஆட்டங்களுக்கு மட்டுமே இடம். கனடிய அணி ஆறு கோல் போட்டு ஜெயித்தாலும் அந்தக் கணினிக்கு அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே தெரியாது! இதுவரைக்கும் சரி. அவர்கள் கணக்கு, அவர்கள் இஷ்டம். ஆனால் கனடியத் தரப்பும் அதே ஆட்டத்தை 'எக்ஸிபிஷன்' என்று ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு லீக் அட்டவணைக்குத் திரும்பிவிடுகிறதே, அதை என்னவென்று சொல்வது?

ஒரு காலத்தில் இது இப்படி இல்லை. 1930களின் பின்பாதியில் மெக்கில், டொரன்டோ, குயின்ஸ், மான்ட்ரியல் பல்கலைக்கழகங்களும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களும் ஒரே லீகில் பாயின்ட்டுக்காக ஆடியிருக்கின்றன. எல்லை அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. ரயிலில் போய் ஆடிவிட்டு வந்தார்கள். இன்றைக்கு பஸ் வேகமாகப் போகிறது, ஆட்டத்துக்குத்தான் மதிப்பு இல்லாமல் போய்விட்டது.

மதிப்பு ஏன் முக்கியம்? 2025க்கு முன்னால் அவ்வளவு முக்கியமில்லை என்றே சொல்லலாம். சிஎச்எல் முடித்த பையனுக்குப் போக்கிடம் இங்கேதான் என்கிறபோது விளம்பரம் எதற்கு? ஊரில் ஒரே மளிகைக் கடை இருந்தால் கடைக்காரர் போர்டுக்குப் பெயின்ட் அடிக்கவே மாட்டார். எதிரே சூப்பர் மார்க்கெட் வந்த பிறகுதான் பிரச்சினை. வந்துவிட்டது! 2025 கோடையிலேயே கேவின் மெக்கென்னா மெடிசின் ஹாட்டை விட்டு பென் ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவித்தார். போர்ட்டர் மார்ட்டோன் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். இவர்கள் எப்படியும் கனடியப் பல்கலைக்கழகத்துக்கு வரப்போகிறவர்கள் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகைகள் இவர்கள் பின்னாலேயே ஓடியதில்தான் உண்மையான கேள்வி அமுங்கிப் போனது. மெக்கென்னா எங்கே போனால் என்ன? அடுத்த லோகன் தாம்சன் எங்கே போவார் என்பதல்லவா கேள்வி!

அமெரிக்கக் கல்லூரி தருவது என்ன? நல்ல இடம் கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம். வருடத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் மதிப்பு. (ஹார்வர்ட், யேல் வகையறா ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை என்பது வேறு விஷயம்.) கனடாவிலோ விளையாட்டு உதவித்தொகை என்றால் கல்லூரிக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்கால மரபு. ஒன்டாரியோவில் அதுகூட இல்லை, வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்ற உச்சவரம்பைப் பல காலம் கட்டிக்கொண்டு அழுதார்கள். 'எங்களுக்குப் படிப்புதான் முக்கியம்' என்று அதற்கு விளக்கம். உன்னதமான கொள்கை. ஆனால் சிஎச்எல் கொடுத்த படிப்புப் பணம் என்ற மானியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அந்தக் கொள்கையைப் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் காசில் தர்மம் செய்வது சுலபம்.

இதில் எல்லாமே இருட்டு என்று சொல்ல வரவில்லை. 2025இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்கொன்றின் சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் ஹாக்கிக்கு இருபத்தாறு பேருக்கு மேல் அணியில் வைத்திருக்கக் கூடாது. ஆக, சிஎச்எல்லிலிருந்து ஒருவர் உள்ளே போனால் ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவர் வெளியே வர வேண்டும். நாற்காலி விளையாட்டு மாதிரிதான். அப்படி வெளியே வருகிறவர்களில் கனடாக்காரர்களும் நிறைய இருப்பார்கள். சிஎச்எல்லுக்குப் போகாமல், அமெரிக்கக் கல்லூரிக் கனவுக்காகவே கீழ்நிலை ஜூனியர் லீகில் ஆடிக் காத்திருந்த பையன்கள்தான் பாவம். விதியைச் சரியாகக் கடைப்பிடித்தவர்கள் அவர்கள்தான், வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டதும் அவர்கள்தான். இவர்கள் கனடியப் பல்கலைக்கழகங்களுக்கு வரக்கூடும். ஆட்டக்காரர்கள் தீர்ந்துபோக மாட்டார்கள். ஆனால் 'எல்லோரும் எடுத்தது போக மீதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவ ரொம்ப நாளாகும்.

அந்தப் பெயர் ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சாட்சி. 1994இல் மைக் பாப்காக் என்ற இளம் கோச் அந்தச் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேசியச் சாம்பியன் ஆக்கினார். பின்னாளில் என்எச்எல் கோப்பையும் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வென்ற அதே பாப்காக்தான். 2020 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகம் தன் ஆண்கள் ஹாக்கி அணியையும் பெண்கள் ஹாக்கி அணியையும் ஒரே நாளில் மூடிவிட்டது. மாகாண அரசு மானியத்தை வெட்டியது காரணம். பட்ஜெட் மேஜையில் கத்தரிக்கோல் வருகிறபோது, 'இந்த அணியை யார் பார்க்கிறார்கள்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள்தான் முதலில் போகிறார்கள். சாம்பியன் பட்டம் இருந்தது, பார்க்கிறவர்கள் இல்லை.

இன்னோர் உதாரணம், இது முன்மாதிரியாகவும் இருக்கலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பெண்கள் ஹாக்கி. ஆண்களுக்கு 2025இல் வந்த நிலைமை பெண்களுக்கு ரொம்ப காலமாகவே உண்டு. பெண்களுக்கு சிஎச்எல் போன்ற ஓர் அமைப்பே கிடையாது, எனவே தடையும் கிடையாது. கனடாவின் சிறந்த பெண்களை அமெரிக்கக் கல்லூரிகள் தடையின்றி அள்ளிக்கொண்டு போயின. மரி-ஃபிலிப் பூலான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில்தான் ஆடினார். அப்படியும் கனடாவின் பெண்கள் பல்கலைக்கழக ஹாக்கி செத்துவிடவில்லை. மெக்கில் பல்கலைக்கழகம் ஒலிம்பிக் கோல்கீப்பர்களான கிம் சென்-பியேர், ஷார்லின் லபோன்ட்டே போன்றவர்களைத் தன் அணியில் வைத்திருந்தது. 2008, 2009, 2011 என்று தேசியப் பட்டங்களை அடுக்கியது. 2010களில் பெண்கள் ஹாக்கிக்கு மட்டும் விதிவிலக்காகத் தங்குமிடம், சாப்பாடு வரை உதவித்தொகையை விரிக்கும் சோதனைத் திட்டமும் வந்தது. நாட்டை விட்டுப் போகும் பெண்களைத் தடுக்கத்தான். இத்தனை வருட அனுபவம் பக்கத்து அறையிலேயே இருக்கிறது. ஆண்கள் அணி நிர்வாகிகள் எழுந்து போய்க் கதவைத் தட்டிக் கேட்டால் போதும்.

ஆனால் பணத்தால் மட்டும் அமெரிக்காவோடு மோத முடியாது. 2025-26இல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்குமாகச் சேர்த்து இரண்டு கோடி டாலருக்கு மேல் நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம் என்று அனுமதி வந்துவிட்டது. அந்த ஏலத்தில் கை தூக்குவது பைத்தியக்காரத்தனம். காசு இல்லாதவனிடம் இருப்பது ஆட்டம் ஒன்றுதான். அங்கேதான் அந்த அக்டோபர் மேட்ச்கள் வருகின்றன.

2023-24 சீசனில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் முப்பது லீக் ஆட்டங்களில் முப்பதையும் ஜெயித்து, தேசியக் கோப்பையையும் தோற்காமலே தூக்கியது. அந்த அணி ஓர் அமெரிக்க முதல் பிரிவு அணிக்கு எந்த அளவுக்கு ஈடு? ரசிகர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். கனடிய அணிகளில் ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள், உடம்பு முற்றியவர்கள். அமெரிக்க அணிகளில் வேகம் அதிகம், வசதி அதிகம். அக்டோபரில் கனடிய அணி ஜெயித்தால் 'அவர்கள் ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் நேற்றுத்தான் இறங்கினார்கள்' என்பார்கள். தோற்றால் 'பார்த்தாயா' என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கேள்விக்குப் பதில் கிடைக்காத வகையிலேயே அட்டவணை அமைந்திருக்கிறது. பதில் தெரிய வேண்டிய அவசியம் அமெரிக்கர்களுக்கு இல்லை. அவசியம் கனடாவுக்குத்தான்.

அதனால் அட்டவணையைப் போடும்போதே சில நிபந்தனைகள் வைக்க வேண்டும். ஒரு வருடம் நாங்கள் வருகிறோம், மறு வருடம் நீங்கள் எங்கள் தளத்துக்கு வாருங்கள். மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி இறக்கிச் சோதனை செய்வதாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அமெரிக்காவில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், சரி. கனடா தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லையே! தேசியக் கோப்பைக்கு எட்டு அணிகள் போகின்றன. எந்த அணி எந்த அணியோடு மோதும் என்ற வரிசையைத் தீர்மானிக்கும்போது, அமெரிக்க முதல் பிரிவு அணியோடு ஆடிய ஓர் ஆட்டத்தின் முடிவுக்கும் கொஞ்சம் எடை கொடுக்கலாம். அப்படிச் செய்த மறுநாளே அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கும். உள்ளூர் டிவிக்காரர் போன் செய்வார். இருபத்தொரு வயதுப் பையனுக்கும், ஆல்பர்ட்டாவுக்குப் போனாலும் அமெரிக்காவோடு நிஜமாகவே மோதலாம் என்பது கண்ணால் பார்க்கக் கிடைக்கும்.

இதற்கு கோச்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்கிற காரணமும் லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. புதிதாக வந்த பத்துப் பையன்களை எங்கே சோதித்துப் பார்ப்பது? எல்லா ஆட்டமும் கணக்கில் வந்தால் ஐந்தாம் வருட மாணவர்களையே இறக்கி ஆடவைப்போம், முதல் வருடத்துக்காரன் பெஞ்சிலேயே உட்கார்ந்து டிசம்பரில் வீட்டுக்குப் போய்விடுவான் என்பார்கள். நியாயம்தான். யாருக்கும் கவலையில்லாத ஆட்டம் என்று ஒன்று இருப்பதால்தான் யாரும் கவனிக்காத பையனுக்கு இருபது நிமிடம் பனித்தளம் கிடைக்கிறது. அதைப் பிடுங்கினால் இந்த லீகின் உயிரையே பிடுங்கியதாகிவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஒன்றைச் சேர்த்தால் போதும் என்பது. செப்டம்பரில் கனடிய அணிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஆட்டங்கள் எப்போதும் போல இருக்கட்டும். முதல் வருடத்துக்காரர்கள் அங்கே விழுந்து எழட்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜூனியர் உலகக் கோப்பைக்கு அணி தேர்ந்தெடுக்கும் டிசம்பர் முகாமில், கனடாவின் இருபது வயதுக்குட்பட்ட தேசிய அணியோடு மோத ஹாக்கி கனடா யாரைக் கூப்பிட்டு வந்திருக்கிறது தெரியுமா? பல வருடங்களாக யூ ஸ்போர்ட்ஸ் ஆல் ஸ்டார் அணியைத்தான்! நாட்டின் தலைசிறந்த பத்தொன்பது வயதுக்காரர்களைச் சோதிக்கும் அளவுக்குத் தரமான ஆட்டக்காரர்கள் என்று தேசிய அமைப்பே நம்புகிறது. முகாம் முடிந்ததும் பத்தொன்பது வயதுக்காரர்கள் விமானம் ஏறுவார்கள், டிவி அவர்கள் பின்னால் போகும். அவர்களைச் சோதித்தவர்கள் செமஸ்டர் பரீட்சைக்குத் திரும்பிப் போவார்கள்.

அந்த ஒன்டாரியோ பையனின் இரண்டு ப்ராக்டிஸ் மேட்ச்களை என்சிஏஏ மறக்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. தடை போட வேண்டும் என்றபோது எக்ஸிபிஷன் ஆட்டமும் கணக்கில் வந்தது. ஒன்டாரியோ பல்கலைக்கழகம் ஒன்று அக்டோபரில் போய் அவர்களையே தோற்கடித்தால் மட்டும் அது வெறும் எக்ஸிபிஷன். அடுத்த முறை எல்லைக்குத் தெற்கிலிருந்து போன் வரும்போது, தேதி என்ன, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முன்னால் யூ ஸ்போர்ட்ஸ் கோச்கள் இதைக் கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த வார இறுதியில் வீட்டிலேயே இருக்கலாம். அக்டோபர் முதல் வாரத்தில் ஆட ஆள் கிடைக்காமல் தவிக்கப்போவது எந்தப் பக்கம் என்பது அப்போது தெரிந்துவிடும்.